மாப்பிள்ளை பார்த்த குழாய்

எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்த பெண் நான் ஒருத்திதான். அத்தைமார், சித்திமார் யாருக்கும் அது வாய்க்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலையைத் தூக்கினால் அடங்காதவள் என்று பேர் வரும். எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பிறவியிலேயே கூச்சக்காரி. காபித் தட்டை நீட்டியபோது எதிரே வரிசையாக இருந்த கால்களில் அவருடைய கால் எது என்றுகூடத் தெரியாமல் உள்ளே வந்துவிட்டேன்.

அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. அப்பாவிடம் பேசி, முடிவு சொல்லுமுன் என்னையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தான். பார்க்காத ஆளைப் பற்றி என்ன சொல்வது? அதற்குத்தான் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் குழாய்.

குழாய் அவனே செய்தது. அப்போது எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலேயே ஒரு நூல் கடையில் வேலை பார்த்தான். கண்ணாடிக் கடையில் ஒரு லென்ஸ் வாங்கி, அட்டையைச் சுருட்டி உள்ளே கறுப்புத் தாள் ஒட்டி, முன்னால் பொருத்தினான். கண் வைக்கிற பக்கத்துக்கு இரண்டு லென்ஸ் மாற்றி மாற்றிப் போடலாம். ஒன்று எழுத்துப் படிக்கிற பெரிய லென்ஸ். இன்னொன்று கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் சின்ன லென்ஸ். எதைப் போட்டாலும் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும்.

மொட்டைமாடியில் இருந்து கண்மாய்க் கரையைக் காட்டினான். பெரிய லென்ஸில் ஒன்பது பனையும் குட்டி குட்டியாக, வேர் வானத்தில் இருக்கத் தொங்கின. சின்ன லென்ஸைப் போட்டான். ஒரே பனை. மட்டையில் உட்கார்ந்திருந்த கிளியின் மூக்குவரை தெரிந்தது. மிச்சப் பனையெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"எங்கயும் போகல. வட்டத்துக்குள்ள இடம் அவ்வளவுதான். ஒண்ணு பெருசானா மத்தது வெளிய நிக்கும்" என்றான்.

எட்டாவது வரை படித்த எனக்கு அது நன்றாகவே புரிந்தது. நான்கைந்து நாளில் நானே லென்ஸ் மாற்றப் பழகிவிட்டேன். தலைகீழாகத் தெரிவதை மனதுக்குள் நிமிர்த்திக்கொள்ளவும் வந்துவிட்டது.

மாப்பிள்ளை திருச்சுழிப் பக்கம், கரிசல் நிலம் உள்ள வீடு. வெள்ளிக்கிழமை பேட்டைக்கு, எங்கள் ஊர்ப் பருத்திச் சந்தைக்கு, லோடு கொண்டுவருவார் என்று அண்ணன் விசாரித்து வைத்திருந்தான். பேட்டை எங்கள் மாடியில் இருந்து கூப்பிட்டால் கேட்காத தூரம். பக்கத்தில் பருத்தி அரைக்கிற மில் இரைந்துகொண்டிருக்கும். அன்று மதியம் என்னை மாடிக்குக் கூட்டிப்போனான். அப்பா சாயங்காலம் பதில் சொல்லி அனுப்ப வேண்டும்.

முதலில் பெரிய லென்ஸ். பேட்டை முழுக்கத் தெரிந்தது. வண்டிகள், தாட்டுத் தாட்டாகப் பருத்தி மூட்டைகள், தலைப்பாகைகள். ஒரு வண்டியில் பூட்டிய மாடு ஒன்று நுகத்தடியோடு படுத்திருந்தது. வெயிலுக்குக் களைத்துப் படுத்திருக்கிறது என்று நினைத்தேன். "அந்த வண்டிதான். பச்சைத் துண்டு கட்டி நிக்கிறாகள்ல, அவுகதான்" என்றான் அண்ணன். எனக்கு எல்லாரும் எறும்பு மாதிரி இருந்தார்கள். என் வாழ்க்கையில் வேறு எதையும் அப்படி வாய்விட்டுக் கேட்டதில்லை. "சின்ன லென்ஸப் போடுண்ணே" என்றேன்.

போட்டான். முகமும் ஒரு தோளும் வட்டத்தை நிறைத்தன. நல்ல களையான முகம். வேர்த்திருந்தது. கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு சிரித்தார். தோள் வட்டத்தைவிட்டு வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்தது. தாட்டுத் தூக்குகிறார்போல, முதலாளி வீட்டுப் பிள்ளை இப்படிச் சிரித்துக்கொண்டே பாடுபடுகிறாரே என்று மனசு நிறைந்துவிட்டது. லென்ஸை மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. மாற்ற எனக்குத் தெரியும். அந்த முகத்தை விட மனசு வரவில்லை.

சாயங்காலம் அப்பா கேட்டார். சரி என்றேன்.

தையில் கல்யாணம். போன வீட்டுத் தொழுவில் ஒரு மாட்டுக்கு இடது கண் இல்லை. வண்டிக்காரர் சொல்லும்போது சிரித்தார். பேட்டையில் வண்டியோடு படுத்துக்கொண்டதாம். சின்ன முதலாளி சாட்டைக்கம்பைத் திருப்பிப் பிடித்து அடித்த அடியில் எழுந்துவிட்டதாம், கண்தான் போய்விட்டதாம். எப்போது என்று கேட்டேன். பெண் பார்த்த மறுவாரம், வெள்ளிக்கிழமை என்றார்.

மாட்டோடு போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் மாசம் ஒருநாள், மோரில் உப்புக் கூடிவிட்டது. அவர் கும்பாவைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். நான் கையைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தேன். கீழுதட்டைக் கடித்திருந்தார், சிரிப்பு இருந்தது. அந்த முகத்தை எனக்கு முன்பே தெரியும். தோள் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

காது வீக்கத்தோடு பஸ் ஏறி அருப்புக்கோட்டை வந்தேன். அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

"ஏத்தா, நாங்களா கட்டிவச்சோம்? நீ பாத்துச் சரின்னு சொன்ன மாப்பிள்ளைதான? எங்களுக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இருந்துச்சா?"

அண்ணனைப் பார்த்தேன்.

"மொதல்ல பெரிய லென்ஸுலதான காட்டினேன். நீதான சின்னதக் கேட்ட" என்றான்.

பொய் இல்லை. மறுநாள் அவனே என்னைத் திருச்சுழி பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அதன்பின் எத்தனையோ தடவை காது வீங்கியது, உதடு கிழிந்தது. நான் பஸ் ஏறவில்லை. தானே பார்த்துக் கட்டிக்கொண்டவள் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆறு வருஷம் கழித்துத் தங்கச்சிக்கு இடம் வந்தது. அவளும் ஒருமுறை பார்க்கட்டுமே என்று யாரோ சொல்ல, அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "பாத்தவ கதி தெரியுதுல்ல."

அவள் பார்க்காமலே கழுத்தை நீட்டினாள். அவளுக்கு வாய்த்தவர் தங்கமான மனுஷன். கல்யாணப் பேச்சு எடுக்கிற வீடுகளில் இன்றைக்கும் எங்கள் இரண்டு பேரையும்தான் உதாரணம் சொல்கிறார்கள்.