ஓரகத்தியின் அடுப்பு

1943 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலம்; கடிகாரத்தில் ஜப்பான் நேரம் எட்டு. லூனாஸ் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அப்போதுதான் வெளுத்தது. வாசல் பெருக்கினேன். மரவள்ளிக்கிழங்கை அவித்தேன். பீங்கான் தட்டுகளைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான என் கணவர் வேதாகமத்தில் அன்று வாசிக்கும் பகுதிக்கு அடையாளம் வைத்தார்.

ஞாயிறுதோறும் ஜெபம் முடிந்ததும் அக்கம்பக்கத்தாருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், ஒருத்தி இருந்தாள். ரயில் பாதை போட அவள் கணவனை ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டுபோனதிலிருந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இந்துப் பெண். ஒருநாளாவது எங்களோடு உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும், ஆண்டவரை என் மூலமாக அவள் அறிய வேண்டும் என்பது என் ஆசை. வாசல்வரை வருவாள். "வயிறு சரியில்ல, கிராணியம்மா" என்று திரும்பிவிடுவாள்.

அன்று வாசலுக்கும் வரவில்லை. அடுத்த வீட்டுக் கொல்லையில் அவள் குரல் கேட்டது. அது என் கொழுந்தன் வீடு. என் ஓரகத்தி கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவள். பத்துக் கட்டளைகளை வரிசையாகச் சொல்ல வராது.

வேலியோரம் போய்ப் பார்த்தேன். மூன்று கல் அடுப்பில், தான் கொண்டுவந்த சட்டியில், அந்தப் பெண் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தி மணையில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கக்கா. இன்னிக்கி இவங்க சமையல். உப்பு மட்டும் நம்மளுது."

"வந்தவளையே ஆக்க விடுறியா? ரொம்ப நல்ல உபசாரம்."

"அவங்க ஆக்கினாத்தான் சாப்பிடுவாங்கக்கா. மாட்டுக்கறி வச்ச தட்டுல எப்படிச் சாப்பிடுவாங்க? கல்யாணத்துக்கு முன்னாடி நானும் சாப்பிட்டிருக்க மாட்டேன்."

"மாட்டுக்கறியக் கண்ணால பார்த்தே வருஷமாச்சு."

"தட்டுக்கு ஞாபகம் இருக்கும்லம்மா" என்றாள் அந்தப் பெண், சட்டியைக் கிளறியபடி. இருவரும் சிரித்தார்கள்.

வாழையிலையில் கிழங்கை வைத்ததும் ஓரகத்தி கண்ணை மூடினாள். "ஆண்டவரே, இந்த அக்கா வீட்டுக்காரரு எங்க இருக்காரோ, அங்க அவருக்கும் ஒரு வாய் சோறு குடுங்க." அவ்வளவுதான் ஜெபம்.

அந்தப் பெண் இலையைத் தொடவில்லை. "எங்க வீட்டுக்காரரு பேரச் சொல்லி இன்னொருதரம் கேளும்மா" என்றாள். பிறகு தானும் கை கூப்பினாள்.

ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கோ வயிறு எரிந்தது. இத்தனை மாதமும் நான் காத்திருந்த சொல் ஓரகத்தியின் கொல்லையில் அல்லவா பிறந்தது.

வீட்டில் கிழங்கு காய்ந்து போயிருந்தது. நடந்ததைச் சொன்னேன். "யார் வீட்டில் ஜெபித்தால் என்ன?" என்றார் கணவர். நான் தட்டுகளை எடுத்து அலமாரியில் வைத்துச் சாத்தினேன்.

மறுநாள் காலை, வாசல் பெருக்குவதற்கும் முன்பாக, எங்கள் கொல்லையில் மூன்று கல் போட்டு அடுப்புக் கூட்டினேன். ஓரகத்தியுடையதைவிட ஒரு சாண் அகலமாக.