இல்லாத பேண்டுக்கு மூன்று பாட்டு

டிரம்ஸ்காரர் இருந்தார். பாடுகிற அக்கா இருந்தார். கீபோர்டுக்காரர் இருந்தார். கிட்டாரோடு நான் இருந்தேன். கடைசியாகப் படம் எடுக்கிற தம்பி வந்தார்.

இடம், நாரணாபுரத்தில் பூட்டிக் கிடந்த ஒரு தையல் கடை. ஒரு வாசல், ஒரு சன்னல்.

தம்பி எடுக்கப்போகும் படத்தில் ஐம்பது வருடத்துக்கு முந்தைய ராக் பேண்ட் ஒன்று வருகிறது. அப்படி ஒன்று இந்தப் பக்கம் இருந்ததே இல்லை. அதன் பாட்டுகளை நாங்கள் உண்டாக்க வேண்டும். மாதிரிக்கு மூன்று பதிந்து கொடுத்தால் கேட்டுப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் சாயங்காலமே மதுரைக்குப் போய் வேறு ஆள் தேடுவார். கதைப்படி பேண்டில் ஐந்து பேர். ஐந்தாவது ஆளாக நடிக்கப்போவது தம்பியேதான். அதற்காக ஒரு கிலுகிலுப்பை கொண்டுவந்திருந்தார்.

கவலை டிரம்ஸ்காரருக்குத்தான். கச்சேரி குறைந்துபோய் டிரம்ஸ் அவர் வீட்டில் கட்டில் போட இடம் விடாமல் கிடந்தது. இதுவும் நடக்காவிட்டால் விற்றுவிடுவதாக மனைவியிடம் ஒப்புக்கொண்டிருந்தார்.

“பழைய சத்தமா இருக்கணும்ணே,” என்றார் தம்பி, வாசலில் நின்றபடி.

மைக்கைப் பித்தளைக் குடத்துக்குள் இறக்கினோம். கீபோர்டுக்காரர் சத்தம் பார்க்கக் குடத்துக்குள் இருமினார்.

“போதும், நூறு வயசு ஆயிருச்சு,” என்றார் அக்கா.

முதல் பாட்டு வெயிலைப் பற்றி. இங்கே வேறு எதைப் பற்றி எழுத?

பாட்டு சூடு பிடித்தது. தம்பி கிலுகிலுப்பையோடு உள்ளே வந்தார். டிரம்ஸ்காரர் குச்சிகளை மெல்ல வைத்துவிட்டு வெளியே போனார்.

“என்னண்ணே ஆச்சு?”

“ஒண்ணுமில்ல தம்பி. நீங்க நடத்துங்க.”

தம்பியே வெளியே போய் அவரை உள்ளே அனுப்ப, மறுபடி ஆரம்பித்தோம். தம்பி மறுபடி உள்ளே வந்தார்.

“நீங்க இருங்கண்ணே, நான் போறேன்,” என்று அக்கா பாதி வரியில் எழுந்து போனார்.

தம்பி முகம் வாடிவிட்டது. “என்னைப் பிடிக்கலையா இவங்களுக்கு?” என்று என்னிடம் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பட்டாசு லேபிள் அச்சடிக்கிறவன். டிரம்ஸ்காரரும் அக்காவும் பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறை ஆட்கள். வெடித்தால் சேதம் குறைய, அங்கே ஓர் அறைக்கு நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போய்விடுவார். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வாசலுக்கு எல்லாரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“ஏலே, நானா எந்திச்சுப் போனேன்?” என்றார் டிரம்ஸ்காரர்.

“போனீக,” என்றேன்.

“இங்கன மருந்தே இல்லையேலே.”

“அதை உங்க கால்கிட்ட சொல்லுங்க.”

தம்பி தவிர எல்லாரும் உள்ளே போனோம்; டிரம்ஸ்காரர் இடுப்பை ஸ்டூலோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டார். தம்பி உள்ளே வந்தார். டிரம்ஸ்காரர் ஸ்டூலோடு எழுந்தார்.

கடைசியில் தம்பி சன்னலுக்கு வெளியே போய் நின்றார். உச்சி வெயில். அங்கிருந்தே கிலுகிலுப்பையை ஆட்டினார். மூன்று பாட்டும் தடங்கல் இல்லாமல் முடிந்தன. டிரம்ஸ்காரர் போட்ட போட்டில் குடம் இடம் மாறியிருந்தது.

போட்டுக் கேட்டோம். எல்லாம் கேட்டது. கிலுகிலுப்பை மட்டும் கேட்கவில்லை. தம்பி வேர்வையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். டிரம்ஸ்காரர் ஸ்டூலை அவிழ்க்காமலே நின்றார்.

“இதையே எடுத்துக்கறேன்ணே,” என்றார் தம்பி.

டிரம்ஸ்காரர் போனில் மனைவியைக் கூப்பிட்டார். “இந்தா, கட்டிலை மாடிக்கு ஏத்திரு. டிரம்ஸ் இருக்கட்டும்.”

தம்பி சன்னல் வழியே கிலுகிலுப்பையை அக்காவிடம் கொடுத்தார், அவர் வீட்டுக் கைக்குழந்தைக்கு ஆகும் என்று. பிறகு கதைத் தாளை எடுத்தார். பேண்டில் எத்தனை பேர் என்ற இடத்தில் ஐந்தை அடித்துவிட்டு எழுதினார்.

நாலு.