ஊக்கு மட்டும்தான் பாக்கி

கரையான்சாவடி மெயின் ரோட்டில் பன்னிரண்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறாள் சபீனா. கோபம் வந்தால் முதலில் கையிலிருக்கிற கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவாள். அன்றைக்குக் காலையில் தடாலென்று வைத்தாள்.

எல்லாம் அவள் தம்பி ஜுல்ஃபிகரால் வந்த வினை. முப்பத்தைந்து வயது ஆள், ஒரு நாளாவது மெஷினில் உட்கார்ந்ததுண்டா? துணி வாங்கி வைப்பதும் கடை போனும்தான் அவன் வேலை. யார் கூப்பிட்டுக் கேட்டாலும் வாய் கூசாமல் ஒரே பதில்: "தெச்சாச்சுக்கா, ஊக்கு மட்டும்தான் பாக்கி." ஊரில் பாதி தையல் கடையில் சொல்கிற பொய்தான். ஆனால் சபீனா சொன்னதில்லை. முடியும் என்றால் முடியும், முடியாது என்றால் முடியாது. அதற்காகவே ஆவடியிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்தார்கள்.

இப்போது கடை வாசலில் கோவில்பதாகையிலிருந்து வந்த அனுசுயா நின்றாள். மறுநாள் காலை அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஜாக்கெட் துணியை வாங்கி வைத்த ஜுல்ஃபிகர், தேதியை அக்காவிடம் சொல்லவே இல்லை. நேற்று போனில் கேட்டபோதும் ஊக்கு பாக்கி என்றிருக்கிறான். துணியோ மடிப்புகூடக் கலையாமல் அலமாரியில் கிடந்தது.

"நேத்து கரண்டு இல்லக்கா, அதான்..." என்று அடுத்த பொய்யை அவிழ்த்தான்.

"வாய மூடுடா! கரண்டு கிரண்டுன்னு கத வுடாத!" என்ற சபீனா, அனுசுயாவிடம் திரும்பினாள். "அக்கா, உங்க துணிய இன்னும் வெட்டவே இல்ல. இவன் சொன்னது பொய்."

"கடையா நடத்துறீங்க? மானங்கெட்டவங்களா!" அனுசுயா போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சபீனாவுக்குச் சுருக்கென்றது. "தப்பு என் கடை மேலதான்க்கா, திட்டுங்க. மானங்கெட்டவன்னு மட்டும் சொல்லாதீங்க. இப்ப உக்காந்தா சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க கையில குடுத்துடுவேன்." கட்டாயம் கொடுத்திருப்பாள்.

அனுசுயாவின் குரல் இறங்கியது. "மன்னிச்சுக்கோங்க, அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆனா நேத்தும் இதே கடையிலதானே சொன்னாங்க? என் பொண்ணு விசேஷம்மா. எதை நம்பி விட்டுட்டுப் போறது? துணியைக் குடுத்துடுங்க."

திட்டைக்கூடத் தாங்கியவளால் இந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. துணியை எடுத்துக் கொடுத்தாள்.

அனுசுயா ஆட்டோ ஏறியதும், "வுடுக்கா, ஒரு ஜாக்கெட்டுதானே?" என்றான் ஜுல்ஃபிகர்.

"ஜாக்கெட்டாடா போச்சு? பன்னெண்டு வருசமா நான் சொன்னா நம்புவாங்கடா! இன்னிக்கு நெசத்த சொல்றேன், நம்பல. இன்னா பண்ணி வெச்சிக்கீற, தெரியுதா?" போனை அவன் கையில் திணித்தாள். "இன்னும் யார் யாருக்குடா இப்டி சொல்லிக்கீற? என் எதிர்ல கூப்ட்டு, பொய் சொன்னேன்னு சொல்லு."

அவன் தலையைச் சொறிந்தான். "எல்லாருக்கும்தான்க்கா."

"அப்ப எல்லாருக்கும் போடு!" என்று கத்தினாள். கத்தும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.