தோற்கச் சொன்ன அரங்கம்

டோரீன் காஸ்பர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐஸ் ஹாக்கி ஆட வெளியூரிலிருந்து வரும் பையன்களை வீட்டோடு தங்கவைத்து வளர்ப்பது அவள் ஊர் வழக்கம். அப்படி வந்தவர்களில் அவளுக்கும் கணவன் லாய்டுக்கும் உயிர், கோல் கீப்பர் எவ்ரெட். மூன்று குளிர்காலம் இருந்துவிட்டு அவன் கிளம்பியபோது தேம்பித் தேம்பி அழுதது லாய்ட்தான்.

அந்த எவ்ரெட்டுக்குப் பெரிய அணியில் ஒரே ஒரு ஆட்டம் கிடைத்தது. லாய்ட் சின்ன வயதிலிருந்து பைத்தியமாகக் கிடக்கும் அதே அணி. வழக்கமான கீப்பருக்குக் காய்ச்சல். ஜெயித்துக் காட்டினால் அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

இருவரும் அந்த அணியின் ஏரிக்கரை நகரத்துக்குக் காரில் ஓடினார்கள். பனித்தளத்தில் சீறி வந்த முதல் ரப்பர் வட்டை எவ்ரெட் பாய்ந்து தடுத்தான். அணியின் சொந்த ஊர்க் கூட்டமே "ச்சே!" என்றது. இரண்டாவதைத் தடுத்தான். ஊளையிட்டார்கள். டோரீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யோவ், அவன் நம்ம ஆளுய்யா!" என்று முன்வரிசைக்காரனைத் தட்டினாள்.

"அது தெரியும்மா. ஜெயிச்சுத் தொலைச்சா கடைசி எடம் போயிடும். புதுப் பசங்கள்ல எந்த டீம் மொதல்ல ஆள் எடுக்கறதுன்னு குலுக்கல் போடுவாங்க, கடைசி டீமுக்குத்தான் அதுல வாய்ப்பு அதிகம். இந்த வருஷம் குலுக்கல்ல மொதல்ல வர்றவங்களுக்கு ஊரெல்லாம் பேசற அந்தப் புதுச் சூரப்பய கிடைப்பான்."

"தோத்தவனுக்குப் பரிசா? என் பஸ்ஸுக்கு லேட்டா வர்றவனுக்கு ஜன்னலோரம் குடுத்தா எவன்யா நேரத்துக்கு வருவான்?"

"நோஞ்சான் டீமும் பொழைக்கட்டுமேன்னு வெச்ச குலுக்கல்மா. நியாயமாத்தான் வெச்சாங்க!"

நல்ல நியாயம்! ஆடுகிறவன் ஜெயிக்கத் துடிக்கிறான், பார்க்கிறவன் தோற்கச் சொல்லிக் கும்பிடுகிறான்.

ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. எவ்ரெட்டின் காலிடுக்கில் வட்டு நுழைந்தது. அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. டோரீன் திரும்பிப் பார்த்தாள். லாய்டும் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தான். அவள் பார்வை பட்டதும் கைகள் அந்தரத்திலேயே நின்றன. தன் கைகளைத் தானே நம்ப முடியாதவன்போல விழித்தான். கீழே எவ்ரெட் முகமூடியைத் தூக்கிவிட்டு அவர்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒப்பந்தம் வரவில்லை. அணி ஆசைப்பட்டபடி கடைசியாக வந்தது. மே மாதம் தொலைக்காட்சியில் குலுக்கல் நடந்தது. வென்றது வேறொரு அணி.

"அநியாயம்! நாம எவ்வளவு கஷ்டப்பட்டுத் தோத்தோம்!" என்று லாய்ட் குமுறினான்.

"நீ எங்கய்யா தோத்த? தோத்தது அவன்."

அப்போதுதான் எவ்ரெட்டே கூப்பிட்டான். டோரீன் இருவருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள்.

"டோரீன், ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். அன்னைக்கு ஊரே நான் தோத்ததைக் கொண்டாடுச்சு. லாய்ட் மட்டும் எனக்காக எந்திரிச்சு நின்னு கை தூக்கினார் பாருங்க, அதை நெனச்சுத்தான் நான் இன்னும் ஆடிட்டிருக்கேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லாய்ட் போனைக் கையில் எடுத்தான்.

"இல்ல எவ். நானும் அவங்களோட சேந்துதான் எந்திரிச்சேன்."

எவ்ரெட் ஒன்றுதான் கேட்டான்.

"டோரீனுமா?"

"இல்லப்பா. அவ எந்திரிக்கல."