பூஜ்யம் புள்ளி ஒன்பது

வேலை கிடைத்து நான் குடிவந்த மாடி அறைக்குக் கீழ்வீட்டில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும் இருந்தார்கள். வந்த வாரமே அவர் நீலக் கேபிள் சுருளோடு படியேறி வந்து, என் ஜன்னல் ஓரமாக மொட்டைமாடிக்கு ஒரு ஒயர் இழுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எதற்கு என்றேன்.

"வீட்ல மூணு பேரு இருக்கானுங்க தம்பி. அவனுங்க வெளியுலகத்தோட பேசணும்ல."

பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். கீழே போய்ப் பார்த்தால் மூன்றும் பழைய கம்ப்யூட்டர்கள். சாமான் அறையில் பெரியவன், கட்டில் பக்கத்தில் நடுவுலவன், சமையலறை அலமாரியில் கடைக்குட்டி. ஆபீஸ்கள் கழித்துப்போட்டதை வாங்கித் தேற்றியிருந்தார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், படித்ததும் கம்ப்யூட்டர்தான். அதனால் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. பேச ஓர் ஆள் கிடைத்ததில் அவருக்கும் திருப்தி.

அவர் பொட்டலம் போடுகிறவர். தெருவில் பட்டப்பெயரே பொட்டலம்தான். ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டிய படம், ஒலி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, மேலே ஒரு எண் போட்டு, பெரியவனிடம் வைப்பார். மற்ற இரண்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். உலகத்தார் போடும் பொட்டலங்களும் இன்டர்நெட்டில் உள்ள பொதுக் கிடங்கிலிருந்து பெரியவனுக்குத்தான் வந்துசேரும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் எண் பெரியது ஜெயிக்கும்.

அவருடைய பொட்டலங்களில் முக்கியமானது 'குரல்'. அவர் மனைவிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு, தொண்டையில் ஆபரேஷன் என்று முடிவானதும், சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரைப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தார். தண்ணி குடுங்க, வலிக்குது, லைட்ட அணைங்க, சாப்பிட வாங்க. அவர் எழுதிக் கொடுக்காத "காது என்ன கடன் குடுத்துட்டீங்களா?" என்பதும் அதில் இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவுக்குப் பேச்சு இல்லை. அவர் மாட்டிவைத்த தொடுதிரையில் படத்தைத் தொட்டால் பழைய குரல் வரும். அதன் எண் பூஜ்யம் புள்ளி ஒன்பது. ஏன் ஒன்று என்று போடவில்லை என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது என்றார். நான் பார்த்தவரை பாக்கி எதுவும் இல்லை.

யாரோ எங்கோ, பேசுவதை எழுத்தாக்கும் புரோகிராம் ஒன்றுக்கு அதே பெயரை வைத்துப் பொதுக் கிடங்கில் போட்டார்கள். அதன் எண் இரண்டு. ஒரு நாள் காலையில் பெரியவன், நடுவுலவன் இரண்டும் அதை எடுத்துக்கொண்டன. பழையதைக் கழித்துப் புதியதை மட்டும் வைத்துக்கொள்ளும்படி பெரியவனுக்கு அவரே சொல்லிவைத்திருந்தார். அது சொன்னபடி செய்தது. மூலப் பதிவுகளையும், மூன்று இடத்தில்தான் இருக்கிறதே என்று எப்போதோ அழித்திருந்தார்.

அவர் என்னைக் கூப்பிட்டபோது அக்கா நடுவுலவன் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தார். படமும் இல்லை, சத்தமும் இல்லை. அவர் பெரியவன் முன்னால் உட்கார்ந்து, இல்லாததை ஒவ்வொரு அடுக்கிலும் தேடினார். குரல் உயரவில்லை. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாகத் தகவல் சொல்லும் தொனியில், "போயிடுச்சு தம்பி" என்றார்.

கடைக்குட்டி என்ன ஆனான் என்று கேட்டேன். விசிறி இரைகிறது என்று அக்கா அதை அணைத்துப் போட்டிருந்தார். நான் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினேன். மெக்கானிக் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"முழிச்சான்னா முதல் வேலையா அண்ணன்கிட்ட போய் புதுசத்தான் கேப்பான்."

உயிர் கொடுக்காமலே அதன் டிஸ்க்கைக் கழற்றிப் பெரியவனோடு இணைத்தோம். பதிவுகள் எல்லாமே இருந்தன. வேறு யாரும் வைக்காத ஒரு பெயர் வைத்து, இந்த முறை எண் ஒன்று என்று போட்டு, மூன்றிலும் ஏற்றினார். பதிவுகளுக்குத் தனியாக மூன்று நகல் எடுத்தார். இதற்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரம் முழுக்க அக்கா கைதட்டித்தான் அவரைக் கூப்பிட்டார். தட்டினால் அவர் எழுந்து வந்து, என்ன வேண்டும் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார். பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும்.

எல்லாம் சரியானதும் அக்காவை உட்காரவைத்துத் தொடச் சொன்னார். அக்கா தொட்டார். சாப்பிட வாங்க என்றது. அக்கா எழுந்து போய் விட்ட இடத்திலிருந்து காய் நறுக்க ஆரம்பித்தார். அடுத்த நாளும் தொடவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை.

"ஏன் தொட மாட்டேங்குற? சரியாத்தானே இருக்கு?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனில் எழுதி அவரிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

'அது பேசினா நீங்க மெஷினத் திரும்பிப் பாக்குறீங்க. தட்டினா என்னப் பாக்குறீங்க.'

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் சாமான் அறைக்குப் போய், உட்காராமல், பெரியவன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் இன்னும் மாடியில்தான் இருக்கிறேன். அவர் லிஃப்ட் வேலைக்குப் போய் வருகிறார். ஓய்வு பெற ஆறு வருடம் இருக்கிறது. பொட்டலம் மூன்று கம்ப்யூட்டரிலும் ஏறியபடியே இருக்கிறது, அக்கா தொடுவதில்லை. கைதட்டுகிறார், அவர் வருகிறார்.