பொட்டு வைத்த பேட்டரி

ஆயுத பூஜைக்கு லேப்டாப்பைச் சாமி முன்னால் வைக்க என் வீட்டில் இன்றும் நான் விடுவதில்லை. சாமிமேல் குறையில்லை. குறை என்மேல்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜீவனஹள்ளியில் ஒற்றை அறை வீடு. அப்பா பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். அக்கா ஒரு பழைய லேப்டாப்பில் வீட்டிலிருந்தபடி டைப் அடித்துக் கொடுத்து, அந்தப் பணத்திலேயே காலேஜும் படித்துவந்தாள்.

பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதன் பேட்டரி பூரி மாதிரி உப்பிவிட்டது. ரிப்பேர் கடைக்காரர் போனில் சொன்னபடி அக்கா அதைக் கழற்றி, மணல் போட்ட மண்சட்டியில் புதைத்து, வெளியே படிக்கட்டோரம் வைத்தாள். அழுத்தக்கூடாது, சூடு படக்கூடாது, குப்பை வண்டியில் போடவே கூடாதாம். லீவு முடிந்து கடை திறந்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

உழைத்த பொருள் ஒன்றுகூடப் பூஜையில் விட்டுப்போகக் கூடாது என்பது அப்பாவின் பிடிவாதம். பூஜையன்று சட்டியிலிருந்து அதை எடுத்துத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்.

"அப்பா, அது கெட்டுப்போனதுப்பா!" என்றாள் அக்கா.

"மூணு வருஷம் உனக்கு உழைச்சிருக்கும்மா. போறப்போ ஒரு பொட்டு வெச்சு அனுப்பக் கூடாதா? சும்னே இரு" என்று பாதிக் கன்னடத்தில் அடக்கினார்.

உப்பலாக இருந்ததால் அது ஆடியது. ஆடாமலிருக்கத் தன் பெரிய ஸ்பேனரை அதன்மேல் பாரமாக வைத்தார். பக்கத்திலேயே விளக்கு. கற்பூரம் காட்டியாயிற்று. இனி மறுநாள்வரை எதையும் நகர்த்தக்கூடாது என்பது வழக்கம்.

விளக்கைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்துவிட்டு எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். அக்கா குனிந்து என் காதில் சொன்னாள்: "அப்பா போனதும் மாடி வீட்டு அங்கிளைக் கூப்பிட்டு, அதை எடுத்துச் சட்டியில வெக்கச் சொல்லுடி. நீ தொட்டுடாத."

தலையாட்டினேன். ஆனால் கூப்பிடவில்லை. பூஜையில் வைத்ததை நகர்த்தினால் சாமி முதலில் என்னைத்தான் பிடிப்பார் என்று பயம். பொரி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம், தொண்டையைக் கரிக்கும் புகை. அக்கா என்னை வெளியே தள்ளினாள். கையில் கிடைத்த துணியால் அதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சட்டியில் போடுவதற்குள் துணி பற்றிக்கொண்டது.

வீடு தப்பியது. அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் அதற்குப்பின் மடங்கவேயில்லை. டைப் வேலை போயிற்று, காலேஜும் போயிற்று.

அப்பா சாமி முன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "என் தப்பு, என் தப்பு" என்று அழுதார். பூஜைப் பொருளை நகர்த்தியதால்தான் அக்காவுக்குச் சுட்டது என்று நான் நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் அப்பா டீ வாங்கப் போன நேரத்தில் அவள் கட்டிலருகே போனேன்.

"அங்கிளை நான் கூப்பிடலேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதக்கா."

அக்கா கட்டுப் போடாத கையால் என் தலையைக் கோதிவிட்டாள்.

"எந்த அங்கிள்டி?" என்றாள்.

வலியில் அவளுக்கு எல்லாம் மறந்துபோயிற்று, சாமி என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.