மலையனூர் போகாத அமாவாசை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஆறு வருஷம் ஓடிவிட்டது. நோட்டை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், கடைக்கு ஆள் வந்ததும் மூடி வைத்துவிடுவேன். ஆள் வந்தது சாக்குதான். வெட்கம் பாதி, பயம் பாதி. எட்டாவதுக்கு மேல் படிக்காதவன் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சி கடைத்தெருவில் எனக்குப் பூஜைச் சாமான் கடை. கற்பூரம், ஊதுபத்தி, குங்குமம், திருநீற்றுப் பாக்கெட், மாலைக்கு நூல் வரைக்கும் இருக்கும். காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஆத்தா படத்துக்கு விளக்கேற்றின பிறகுதான் வியாபாரம். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் போய் அங்காளம்மனைப் பார்த்துவிட்டு வருவேன். அதனால் சாமி விஷயம் என்றால் என் பேச்சைத் தெருவில் நம்புவார்கள். அந்த நம்பிக்கையைத்தான் நான் கெடுத்தேன்.

கடை மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். இருபது வருஷத்தில் இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்து, நெற்றி தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது. நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. ஆம்பளைக்கு முகம் எதற்கு, குணம் போதாதா என்று இருந்தேன்.

பெரிய பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றைக்குத்தான் அது உறைத்தது. சமையல்கட்டிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு நான் கூடத்துக்கு வந்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா என்னைப் பார்த்து, "மாஸ்டர், எனக்கு மட்டும் சர்க்கரை கம்மியா ஒரு காபி" என்றார். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காபியும் கொண்டுவந்து கொடுத்தேன். பெண்ணின் அப்பா என்று தெரிந்ததும் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார், நல்ல மனுஷர். ஆனால் அன்றைக்கு என் பெண் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அது என்னைச் சுட்டது.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஆண்களுக்கென்று ஒரு அழகு நிலையம். கண்ணாடிக் கதவு, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. பத்து நாள் அந்தப் படிக்கட்டைத் தாண்டித் தாண்டிப் போனேன். யாராவது தெரிந்தவர்கள் வந்தால் செருப்பைச் சரிசெய்கிறவன் மாதிரி குனிந்துகொள்வேன். பதினோராவது நாள் ஏறிவிட்டேன். உள்ளே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர்தான் எல்லாம். ஃபேஷியல் என்ற வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை.

"எனக்கில்ல, என் மச்சானுக்கு. தாய்மாமன், கல்யாணத்துல முன்னாடி நிக்கணும். ஆம்பளைங்களும் இதெல்லாம் செஞ்சிக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"போன வாரம் ஒரு வாத்தியார் வந்தாரு. அதுக்கு முன்ன ஒரு போலீஸ்காரர். எல்லாருமே மொதல்ல மச்சானுக்குன்னுதான் கேட்டாங்க" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அமாவாசை அன்றைக்குத்தான் நான் கடையை விட்டு நாள் முழுக்க வெளியே இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் அந்த நாளையே வைத்துக்கொண்டேன். காலையில் முடித்துவிட்டு மத்தியான பஸ்ஸில் மலையனூர் போய்விடலாம் என்றுதான் கணக்கு. மனைவி பையில் எலுமிச்சம்பழமும் பூவும் வைத்துக் கொடுத்தாள். அந்தப் பையோடுதான் மாடி ஏறினேன்.

நாற்காலியில் சாய வைத்துத் துணி போர்த்தினார். முதலில் கேட்டது, "நெத்தில இருக்கறத அழிச்சிரலாமா?" என்பதுதான். தலையாட்டினேன். ஈரப் பஞ்சால் என் திருநீற்றைத் துடைத்து எடுத்தார். பஞ்சைக் கூடையில் போட்டதைப் பார்க்கக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் களிம்பு, ஆவி, மூக்கோரத்துக் கரும்புள்ளியைக் கம்பியால் எடுத்தது எல்லாம். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதானே எழுத உட்கார்ந்திருக்கிறேன். சுகமாக இருந்தது. நினைவு தெரிந்த நாள் முதல் என் முகத்தை யாரும் அவ்வளவு பொறுமையாகத் தொட்டதில்லை. அசந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது மலையனூர் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் இருந்தது. போயிருக்கலாம். பளபளவென்று இருந்த முகத்தோடு ஆத்தா முன்னால் நிற்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மலையனூரில் பிரசாதமாகக் கொடுக்கிற சாம்பல் இல்லாமல், வெறுங்கையோடு வீட்டுக்கு எப்படிப் போவது? கடைக்குப் போய்ப் பாதி ஷட்டரைத் தூக்கி, நான் விற்கிற திருநீற்றுப் பாக்கெட்டிலேயே ஒன்றை எடுத்துப் பிரித்து, காகிதத்தில் மடித்துக்கொண்டேன். கொஞ்சம் குங்குமமும் வைத்தேன். எலுமிச்சம்பழத்தையும் பூவையும் கடைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். ஆத்தாவை ஏமாற்றவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது போதுமாக இருந்தது.

வாசலில் மனைவி என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "இன்னா இது, மொகம் வெளக்கு ஏத்தின மாதிரி இருக்குது? அந்தக் கருப்பெல்லாம் எங்க?" என்று தொட்டுப் பார்த்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். அவள் சிரித்திருப்பாள், ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பாள், அவ்வளவுதான். நான் காகித மடிப்பை நீட்டி, "எல்லாம் ஆத்தா சாம்பல்தான்" என்றேன்.

அவள் தம்பி, என் மச்சான், அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் கடைக்கு நாலு கடை தள்ளித் தையல் கடை வைத்திருந்தான். அவனுக்கு இடது கன்னத்தில் செம்பு நிறத்தில் ஒரு தேமல், முழங்கைக்குக் கீழே இன்னொன்று. "கிள்ளிப் பாரு மாமா, ஒண்ணுமே தெரியாது. கொசுவுக்குத்தான் லாபம்" என்று சிரிப்பான். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள், நாள் தவறாமல் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். என்ன நோய் என்று அவன் எங்களிடம் சொல்லவில்லை. தேமல் மாத்திரை என்றுதான் சொல்லி வைத்திருந்தான். மனைவி அந்தக் காகிதத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவன் கன்னத்தில் பூசினாள். "மாமா மொகத்தப் பார்றா. உனக்கும் ஆத்தா வழி விடுவா" என்றாள். அவன் சோற்றுக் கையோடு கண்ணை மூடிக்கொண்டான். நான் கை கழுவப் போய்விட்டேன்.

பத்து நாளில் அவன் மாத்திரையை நிறுத்திவிட்டான். அந்த மாத்திரை உடம்பைக் கருக்க வைக்கிறது, கல்யாணத்தில் தாய்மாமன் கருகிப்போய் நிற்கணுமா, ஆத்தா சாம்பல் போதும் என்று சொன்னான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மாத்திரையையும் சாப்பிடுடா என்று ஒரு வார்த்தை சொன்னேன். "நீங்க சாப்டீங்களா மாமா?" என்று திருப்பிக் கேட்டான்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. மூன்று வாரத்தில் என் முகம் பழையபடி மங்க ஆரம்பித்தது. மங்கினால் சாயம் வெளுத்துவிடும். அதனால் அடுத்த அமாவாசையும் மாடி ஏறினேன். அதற்கடுத்ததும். ஒவ்வொரு தடவையும் கடைப் பாக்கெட்டிலிருந்து மடிப்பு. கல்யாணத்தில் எல்லாரும் என் முகத்தைப் புகழ்ந்தார்கள். மனைவி ஒருத்தர் விடாமல் எல்லாரிடமும் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. ஆத்தா என் கனவில் வந்ததாகக்கூட ஒரு அம்மா என்னிடமே சொன்னார்கள்.

கல்யாணம் முடிந்து நாலைந்து மாதம் இருக்கும். மத்தியானம் மச்சான் கடைக்குப் போனேன். சட்டை ஒன்றை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தான். ஏதோ தீய்கிற வாடை வந்தது. துணிதான் என்று நினைத்து, பெட்டியைத் தூக்குடா என்றேன். துணி நன்றாக இருந்தது. பெட்டியின் ஓரம் அவன் இடது கைச் சுண்டுவிரல்மேல் இருந்திருக்கிறது. தோல் வெந்து வெளுத்திருந்தது. அவன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வலிக்கவே இல்ல மாமா. பாத்தீங்களா, ஆத்தா காப்பாத்திட்டா" என்றான்.

கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே அவன் சீட்டைப் பார்த்த நர்ஸம்மாதான் என் எதிரிலேயே சொன்னார்கள், தொழுநோய் என்று. முழுக்கக் குணமாகிற நோய், இலவசமாகக் கொடுக்கிற மாத்திரை, நடுவில் விட்டதால் நரம்பில் இறங்கியிருக்கிறது என்றார்கள். யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார்கள். அவன் என் பக்கம் திரும்பாமல், "நானேதான் சிஸ்டர்" என்றான்.

வெளியே பெஞ்சில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாடி, பஞ்சு, ஆவி, பாக்கெட். சொல்லி முடிக்கிற வரை கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"ஃபேஷியலா?" என்றான். அப்புறம், "சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே மாமா" என்றான். அதற்கும் அப்புறம், "அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்றான். எனக்காகச் சொல்கிறான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்து முடித்தான். தேமல் மறைந்துவிட்டது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கினது மடங்கினதுதான். காஜா எடுக்கவும் பட்டன் வைக்கவும் ஆள் போட்டிருக்கிறான். மாத்திரை முடிந்த மாதம், "மச்சானுக்குன்னு கேட்டீங்களே, கூட்டிட்டுப் போங்க" என்றான். அந்த மாடிக்குப் போனோம். அந்தக் கடைக்காரர் அவனைப் பார்த்து, "நெசமாவே மச்சான் இருக்காரா?" என்றார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். என்னால் முடியவில்லை. அன்றைக்கு நான் உட்காரவில்லை, அதற்கப்புறமும் உட்காரவில்லை. முகத்தைக் கழுவிக்கொள்வது பாவம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலியைப் பார்த்தால் அவன் விரல்தான் தெரிகிறது.

ஆறு வருஷம் அவன் கேட்டதைக் காப்பாற்றினேன். போன மாதம் தளவானூரிலிருந்து ஒரு அம்மா கடைக்கு வந்தார்கள். கூடப் புருஷன். அவர் தாடையில் செம்பு நிறத்தில் தேமல். "மொகம் தெளிஞ்ச சாம்பல் உங்ககிட்டதான் கிடைக்கும்னு சொன்னாங்க" என்றார்கள். கதை அவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறது. நான் ஷட்டரை இறக்கிவிட்டு அவர்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டேன். நேராக வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. தன் வலது கையை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அவன் கன்னத்துல பூசினது இந்தக் கைதானே" என்றாள்.

எதற்காகச் சொல்ல வேண்டாம் என்றான் என்று அப்போதுதான் புரிந்தது. அன்று முதல் அவள் யாருக்கும் நெற்றியில் பூசிவிடுவதில்லை. தட்டை நீட்டுகிறாள், எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள்.

ஆத்தாமேல் எனக்கு இருக்கிற பக்தி அப்படியே இருக்கிறது. அமாவாசைக்குப் போகிறேன், மங்கு படர்ந்த இந்த முகத்தோடுதான். பொய் என்னுடையது, அவளுடையது இல்லை. இந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும் பழைய கதையைக் கேட்டவர்கள் நிறைய இருப்பார்கள். அதைச் சொன்ன வாய்க்கெல்லாம் இதையும் கொண்டுபோய்ச் சேருங்கள். படித்தபடியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு மாடிப்படியை விட்டுவிட வேண்டாம், பாக்கெட்டை விட்டுவிட வேண்டாம். முக்கியமாக, ஆத்தா கடைசியில் அவன் விரலை நிமிர்த்திவிட்டாள் என்று யாரும் சேர்த்துவிடாதீர்கள். அது இன்னும் மடங்கித்தான் இருக்குது.